திட்டாத வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டரை முழுதாக அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. இதைக் கேட்டு, என்னிடம் வேலை பழக வந்திருக்கும் உங்கள் முகம் சுருங்க வேண்டாம். ஹட்டனில் இந்தக் கடையைப் போட்ட புதிதில் நானும் அதைப் பெரிய வித்தை என்றுதான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். சீடியைப் போடு, கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆம் சொல், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா. இதை உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல நினைப்பது அழிப்பதற்கு முன்னால் வருகிற கால் மணி நேரத்தைப் பற்றி. இந்தத் தொழிலில் நான் வாங்கிய அடி எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் வாங்கியதுதான்.

முதல் அடி கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் விழுந்தது. அங்கிருந்த கிளாக்கர் அருமையான மனிதர், எனக்காக வடை வாங்கி வைத்திருந்தார். மிஷின் ஆமை வேகத்தில் ஓடியது. எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வைப்பதற்கு முன்னால், வடைக்கு நன்றியாக, திரையின் மூலையில் நிரம்பி வழிந்த குப்பைத் தொட்டியைக் காலி செய்து கொடுத்தேன். மனிதர் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“குப்பத் தொட்டியில யாருங்க கைய வைப்பாங்க? அதான் பத்தரமான எடம்னு தொர அனுப்புன கடுதாசியெல்லாம் அங்கதான் போட்டு வச்சிருந்தேன்!”

நல்ல காலம், எல்லாவற்றுக்கும் கடதாசிப் பிரதி இருந்தது. அன்றிலிருந்து குப்பைத் தொட்டியைப் பார்க்காமல் நான் எந்த மிஷினையும் தொட்டதில்லை. பாடம் படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பாதிப் பாடம்தான் படித்திருக்கிறேன் என்பதை டயகமவில் ஒரு டீச்சர் எனக்குக் காட்டிக் கொடுத்தார். காட்டிக் கொடுத்தார் என்றால், ஒரு வார்த்தை அதட்டாமல்.

யோகேஸ்வரி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். டயகமவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர், இரண்டு வருஷத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று எல்லோரும் சொல்லியும் போகாமல் இருந்துவிட்டார். அவர் வருவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் என்பது பெயருக்கு மட்டும் இருந்த பாடம். யாரோ வெளிநாட்டில் இருப்பவர்கள் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, மற்ற ஆசிரியர்கள் அதற்கு ஒரு துணி உறை தைத்துப் போட்டுவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். டீச்சர் உறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். பிள்ளைகளுக்குக் கையில் கொடுக்கத் தமிழில் நல்ல விஞ்ஞானக் குறிப்பு இல்லை என்று, அடுத்த வருஷம் முழுவதும் தானே குறிப்பு எழுதினார். கையால் எழுதி வைத்துப் பிறகு அடிக்க நேரம் இல்லாததால் நேராக மிஷினிலேயே அடித்தார். ஆகவே அது வேறெங்கும் இல்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மிஷினுக்கு வைரஸ் பிடித்தது. குறிப்பைப் பிரிண்டரில் ஸ்டென்சிலாக வெட்டி, ரோணியோ மிஷினில் ஓட்டிப் பிரதி எடுத்துப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். முதல் பாதி கொடுத்தாகிவிட்டது. இரண்டாம் பாதி உள்ளே கிடக்கிறது. தோளில் ஒரு பையும், பைக்குள் துவாயில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க்குமாக நான் தலவாக்கலை வழியாக இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

“எதையெல்லாம் எடுத்து வைக்கணும் டீச்சர்?” என்று கேட்டேன்.

“எல்லாம் விஞ்ஞானம் எண்ட ஃபோல்டருக்குள்ள கிடக்கு, சந்திரன். வேற ஒண்டும் இல்லை. நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ. எனக்கு உங்களில நம்பிக்கை.”

இப்படிச் சொல்கிற வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ‘அது என்ன, இது என்ன’ என்று கேட்டுத் தொல்லை பண்ணாமல், டீச்சர் வகுப்புக்குப் போய்விட்டார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. ஃபோல்டரை என் டிஸ்க்குக்கு எடுத்தேன். எண்ணிக்கை சரிபார்த்தேன். குப்பைத் தொட்டியையும் பார்த்தேன், காலியாக இருந்தது. அழித்தேன். விண்டோஸை ஏற்றினேன். வைரஸ் ஒழிந்தது. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் மிஷின் புதுப் பெண் மாதிரி நின்றது. ஃபோல்டரைத் திரும்ப வைத்து, முதல் ஃபைலைத் திறந்தேன்.

ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கொட்டிக் கிடந்தன.

இப்போது வேலைக்கு வரும் உங்களுக்கு இது விளங்காது, ஆகவே சொல்கிறேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. நாம் தமிழில் தட்டினாலும் உள்ளே பதிவது ஆங்கில எழுத்துத்தான். அதற்கு மேலே ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த தமிழ்ச் சட்டையைப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைக்குப் பெயர் ஃபொன்ட். எந்தச் சட்டையைப் போட்டு அடித்தோமோ அதே சட்டையைப் போட்டால்தான் வாசிக்க முடியும். ஃபொன்ட் இருக்கும் இடம் விண்டோஸின் வயிற்றுக்குள். விண்டோஸை அழித்தால் அதுவும் கூடவே போய்விடும்.

எனக்கு அது தெரியாமல் இல்லை. ஹட்டனில் புழங்குகிற தமிழ் ஃபொன்ட் எல்லாம், இருபதுக்கு மேல், என் சீடியில் இருந்தது. எல்லா ஊர்ச் சாவியும் என் இடுப்பில் இருக்கிறது என்ற திமிர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தமிழ் வந்தது, ஆனால் எவனோ குடித்துவிட்டு உளறிய தமிழ். ஆங்கில எழுத்தாகவே வந்த இரண்டு பக்கத்தை அச்சடித்தும் பார்த்தேன், ஏதோ திரைக்குத்தான் கோளாறு என்கிற மாதிரி. பிறகுதான் மேலே ஃபொன்டின் பெயர் காட்டும் பெட்டியைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ‘அக்கா’ என்று இருந்தது. அப்படி ஒரு ஃபொன்டை நான் கேள்விப்பட்டதே இல்லை.

டீச்சர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“என்ன சந்திரன், வைரஸ் எழுத்தையும் திண்டு போட்டுதோ?”

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் எல்லாப் பழியையும் சுமக்க ஒரு கழுதை எப்போதும் தயாராக நிற்கும். அதற்குப் பெயர்தான் வைரஸ். நான் தேடிப் போகவே இல்லை, டீச்சரே அந்தக் கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. என் மேல் ஒரு குற்றமும் இல்லை, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம். பொய் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம், ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தும்விட்டேன். ஆனால் வகுப்பிலிருந்து நேரே வந்த அவர் விரலில் இருந்த சோக்குத் தூளைப் பார்த்ததும் வார்த்தை மாறி வந்தது.

“இல்லங்க டீச்சர். வைரஸ் ஒண்ணும் பண்ணல. நான்தாங்க அழிச்சிட்டேன். இது வழக்கமான எழுத்துன்னு நெனச்சி, எடுத்து வைக்காம விட்டுட்டேன்.”

அவர் பக்கத்து மேசையில் மெல்ல உட்கார்ந்தார்.

“இது கடையில வாங்கின எழுத்தில்லை. என்ர தம்பி குகன் கீறினது. கொழும்பில கம்ப்யூட்டர் படிக்கேக்க, அக்கா விஞ்ஞானம் அடிக்கச் சுகமா இருக்கட்டும் எண்டு ஒவ்வொரு எழுத்தாக் கீறி, சமன்பாட்டுக்கு வேண்டிய அடையாளமெல்லாம் வைச்சுச் செய்து தந்தவன். பிறகு அம்மாவைப் பாக்க வன்னிக்குப் போனான். சண்டையில பாதை பூட்டினதோட சரி. ஒன்றரை வருசமா ஒரு கடிதம் இல்லை. எங்க இருக்கிறான் எண்டு தெரியாது. இருக்கிறானோ எண்டும் தெரியாது.”

குகன் கொடுத்த ஃப்ளொப்பி எங்கே என்று கேட்டேன். அலுமாரியிலிருந்து எடுத்து வந்தார். டயகம மழையில் புத்தகத்துக்கே பூசணம் பிடிக்கும்போது ஃப்ளொப்பியை விடுமா? தகட்டை நகர்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மிஷினில் போட்டால் கரகரவென்று அரைத்ததே தவிர ஒன்றும் வாசிக்கவில்லை.

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, சந்திரன்” என்றார் டீச்சர். அதற்குள் மணி அடித்தது. எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். என்னைக் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

கை பரபரத்தது. இதைப் போட்டுப் பார்க்கலாமா, அதை ஏற்றிப் பார்க்கலாமா என்று. தப்புச் செய்த கைக்கு உடனே ஏதாவது செய்து காட்ட வேண்டும், அதுதான் அதன் குணம். உங்கள் கையும் பரபரக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் கையைக் கட்டிக்கொள்வது. நான் மிஷினை நிறுத்தி, வயரையும் பிடுங்கி வைத்தேன். கரும்பலகையைத் துடைத்தாலும் பழைய எழுத்தின் தடம் கொஞ்சம் தெரியுமல்லவா, அதன் மேல் அடுத்த பாடத்தை எழுதுகிறவரைக்கும்? டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸை ஏற்றியும் இருபது ஃபொன்டைப் போட்டும் அந்தப் பலகையில் நான் ஏற்கனவே நிறைய எழுதிவிட்டேன். மிச்சம் மீதி இருந்தால் அதையாவது கெடுக்காமல் விட வேண்டும்.

வகுப்பு முடிந்து டீச்சர் வந்ததும் கேட்டேன்.

“டீச்சர், இந்த எழுத்து வேற எந்த மிஷின்லயாச்சும் இருக்குமா?”

“இல்லையே. இந்த மிஷின் இந்த அறையை விட்டு வெளியால போனதே இல்லை.”

மிஷினைப் பற்றிக் கேட்டால் மிஷினைப் பற்றித்தான் பதில் வரும். கேள்வியை மாற்றினேன். மிஷினை விடுங்கள், இந்த வருஷம் நீங்கள் என்னென்ன செய்தீர்கள், தை மாதத்திலிருந்து சொல்லுங்கள் என்றேன். வேடிக்கையான கேள்விதான், ஆனாலும் அவர் சொன்னார். விளையாட்டுப் போட்டி. தவணைப் பரீட்சை. மூலிகைத் தோட்டம். பரிசளிப்பு விழா.

“பரிசளிப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடிச்சீங்களா?”

“ஓம், ஹட்டனில குடுத்துத்தான் அடிச்சது. நான்தான் தட்டிக் குடுத்தனான்.” பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “ரண்டு ஃப்ளொப்பி குடுத்தனான். ஒண்டில அழைப்பிதழ். மற்றதில எழுத்து. இந்தப் பூசணம் பிடிச்சதுதான் அது.”

அப்போது அச்சகத்துக்குத் தமிழ் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தன் ஃபொன்டையும் கூடவே கொண்டுபோய் அவர்கள் மிஷினில் ஏற்றிவிட்டால்தான் வேலை நடக்கும். குகனின் எழுத்து ஓர் அச்சகத்து மிஷினுக்குள் போயிருக்கிறது. எந்த அச்சகம் என்று கேட்டேன். அவர் சொன்னதும் எழும்பிய மகிழ்ச்சி அப்படியே அடங்கிவிட்டது. அந்த அச்சகத்து மிஷினை இரண்டு மாதத்துக்கு முன்னால் அழித்து ஏற்றிக் கொடுத்தவனும் நான்தான்.

இதை டீச்சரிடம் சொல்லவில்லை. நாளைக்கு வருகிறேன், மிஷினை யாரும் போடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அச்சடித்த அந்த இரண்டு உளறல் பக்கங்களைக் கிழித்துப் போடப் போனேன். அவற்றை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று டீச்சர் வாங்கிக்கொண்டார்.

ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அச்சகத்துக்குப் போனேன். அதன் முதலாளியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும். நான் அவருடைய மிஷினை அழித்து ஏற்றிய அன்று, ஒரு ஸ்டூலைப் போட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“வாப்பா வா. இன்னும் எத தொடைக்கலாம்னு பாத்துட்டுப் போக வந்தியா?”

விஷயத்தைச் சொன்னேன். மிஷினில் தேடினோம். ‘அக்கா’ இல்லை. அவர் கேட்ட ஃபொன்டைத்தான் நான் அன்றைக்குத் திரும்பப் போட்டிருந்தேன், மற்றவர்கள் கொண்டுவந்து ஏற்றிய சில்லறை ஃபொன்டை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஸ்டூலில் தளர்ந்து உட்கார்ந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, மனிதர் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். பிறகு கேட்டார்:

“ஏம்பா, அன்னைக்கி ஒன்கிட்ட நான் என்னா சொன்னேன்? ஒரு புள்ளி கொறஞ்சாலும் ஒன் கட வாசல்ல வந்து படுத்துருவேன், மொத்தத்தையும் அப்பிடியே எடுத்து வையின்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க.”

“எடுத்து வச்சியா இல்லியா?”

“வச்சேங்க.”

“அழிக்காதன்னு சொன்னேனா இல்லியா?”

“அழிக்கலங்க. கடையில அலுமாரியில இருக்கு.”

“அப்பறம் என்னாத்துக்குடா எங்கிட்ட வந்து நிக்கிற? கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையிறான் பாரு!”

அன்றைக்கு அவர் வாய்க்குப் பயந்து, ஒரு பழைய டிஸ்க்கில் அவருடைய மிஷினை ஒரு தூசி விடாமல் பிரதி எடுத்து வைத்திருந்தேன். இவ்வளவு மெனக்கெட வைக்கிறாரே என்று மனதுக்குள் கருவிக்கொண்டே செய்த வேலை அது; பதற்றத்தில் மறந்தே போயிருந்தேன். அச்சகத்திலிருந்து கடைக்கு நான் நடந்து போனதாக ஞாபகம் இல்லை. டிஸ்க்கை மாட்டினேன். முதல் தடவை வாசிக்கவில்லை. கழற்றி, முனைகளைத் துடைத்து, வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி மறுபடி மாட்டினேன். வாசித்தது. ஃபொன்ட் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு மேலே, அகர வரிசையில் முதல் ஆட்களில் ஒருவராக, ‘அக்கா’ உட்கார்ந்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன்.

முதல் வேலையாக அதை நான்கு இடத்தில் பிரதி எடுத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். பதினோராம் வகுப்பில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், அந்த இரண்டு உளறல் பக்கங்களையும் டீச்சர் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தார். பிள்ளைகள் ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கிறார்கள். டீச்சர் கண்ணை மூடி, மேசையை விசைப்பலகையாக நினைத்து விரலால் தட்டுகிறார். தட்டிவிட்டு அது என்ன தமிழ் எழுத்து என்று சொல்கிறார். இன்னொரு பிள்ளை பலகையில் எழுதுகிறது. எந்த விசையில் குகன் எந்த எழுத்தை வைத்தான் என்பது அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு காலையில் முக்கால் பக்கத்தைத் தமிழாக்கிவிட்டார்கள். இப்படியே போனால் பரீட்சைக்குள் மிச்சம் முந்நூறு பக்கத்தையும் முடிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். நான் கைவிரித்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று, இரவிரவாக யோசித்து ஆரம்பித்திருக்கிறார்.

ஃபொன்டைப் போட்டேன். ஃபைலைத் திறந்தேன். மின்னோட்டம், அமிலமும் காரமும், கண்ணின் அமைப்பு எல்லாம் வரிசையாகத் தமிழில் வந்து நின்றன. பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஆரவாரம் பண்ணினார்கள். டீச்சர் பக்கங்களை உருட்டி உருட்டிக் கீழே போய்க்கொண்டே இருந்தார். அவர் வாசிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, “சாப்பிட்டியளோ?” என்று என்னிடம் கேட்டார்.

எப்படிக் கிடைத்தது என்று அவருக்கு முழுக் கதையையும் சொன்னேன். அச்சக முதலாளியின் ஏச்சைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் வரும்போது நினைத்த ஒன்று நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. என்னை நாள் முழுக்கத் திட்டியவருக்கு நான் ஒரு தூசி விடாமல் எடுத்து வைத்தேன். உங்களில் நம்பிக்கை என்று சொன்னவருக்கு ஒரு ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்தேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளைக்கும் பசிக்கும் அல்லவா?

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. திட்டுகிற ஆளுக்குப் பயந்து வேலையை ஒழுங்காகச் செய்வீர்கள், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நம்பி விட்டுவிட்டுப் போகிறவர்தான் ஆபத்தான வாடிக்கையாளர். அவர் போன பிறகு, அந்தக் காலி நாற்காலியில் என் அச்சக முதலாளி உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘எது வேண்டும்’ என்று கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் அதற்குப் பதிலாக வரும். முழுதாக எடுத்து வையுங்கள். இடம் போதாவிட்டால், ‘உங்கள் வேலையை ஒருதரம் எனக்கு முன்னால் செய்து காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். அன்று டீச்சரை ஒரு வரி தட்டிக் காட்டச் சொல்லியிருந்தால், அந்த ‘அக்கா’ என் கண்ணில் பட்டிருக்கும். இன்னொன்று. வைரஸ் தின்றுவிட்டது என்று நான் தலையாட்டியிருந்தால் டீச்சர் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். தொலைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

குறிப்பு நேரத்துக்குப் பிள்ளைகள் கைக்குப் போனது. அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஹட்டனுக்கு வந்தார்கள். எங்கள் கடைக்கு முன்னால் போகும்போதெல்லாம் ‘அக்கா ஃபொன்ட் அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டுப் போவார்கள். குகனிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. டீச்சர் ஹட்டனுக்கு வரும்போது நான் அதைப் பற்றிக் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார்.

பிறகு சமாதானம் பேசிப் பாதை திறந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, டீச்சர் கடைப் படியேறி வந்தார். பின்னால் எலும்பும் தோலுமாக, கன்னம் ஒட்டிய ஒரு மனிதர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கள்தானோ அண்ணை, என்ர எழுத்தை அழிச்ச ஆள்?”

அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பட்ட சந்தோஷத்தை எந்தப் பாராட்டுக் கடிதத்திலும் பட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். தேத்தண்ணி வந்தது. குகன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஃப்ளொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

“பழசு அவசரத்தில கீறினது அண்ணை. இப்ப பாக்க வெக்கமா இருக்கு. ஒரு எழுத்து பெரிசு, ஒரு எழுத்து சின்னன். இப்ப வந்திருந்து எல்லாத்தையும் திருத்திக் கீறியிருக்கிறன். இதைப் போட்டுட்டு, பழசை எங்கெங்க வைச்சிருக்கிறியளோ அங்கெல்லாம் எடுத்து விடுங்கோ.”

எழுத்தைச் செய்த மனிதரே வந்து சொல்கிறார். இதைவிடப் பெரிய உத்தரவு யாரிடமிருந்து வர வேண்டும்? புதியதைப் போட்டேன். உண்மையிலேயே மிக அழகாக இருந்தது. பழையதின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, என்ன தோன்றியதோ, டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன்.

“எடுத்துரட்டுங்களா டீச்சர்?”

“தொட வேண்டாம்” என்றார் டீச்சர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“அக்கா, அது வடிவில்லை” என்றார் குகன்.

“வடிவில்லாட்டி இருக்கட்டும். நீ இருக்கிறியோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் இருந்த அவ்வளவு காலமும், ஒவ்வொரு நாளும் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

குகன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டீச்சர் தன் நாற்காலியை இழுத்து, என் முழங்கைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“பழசு எத்தினை இடத்தில இருக்கெண்டு சொன்னனீங்கள்?”

“நாலு எடத்துலங்க டீச்சர்.”

“ஒவ்வொண்டாத் திறந்து காட்டுங்கோ, சந்திரன்.”

நான் நான்கையும் திறந்து காட்டினேன்.